தண்ணீர் மீட்டரின் சிக்னல் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கம்பியில்லாத் தண்ணீர் மீட்டர் ஒன்றிலிருந்து ரீடிங் வரவில்லை என்றால், அலுவலகத் திரையில் அது வெறும் காலிக் கட்டம். வீட்டுக்காரருக்கு அது ‘சராசரி’ பில். மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் பழைய கணக்கை வைத்துப் பணம் கேட்டுத் தாள் போகும். மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவில் குழாய் உடைந்து ராத்திரி பகலாகத் தண்ணீர் ஓடினாலும் யாருக்கும் தெரியாது. சிக்னல் வேலை செய்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் தேடுவது ஒரு குடும்பத்தின் கணக்கை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸில் ஓடும் லோராவான் முறை, அதாவது குறைந்த பேட்டரியில் சின்னச் சின்னத் தகவலைத் தொலைதூரம் அனுப்பும் ரேடியோ முறை. பேட்டரியில் இயங்கும் மீட்டர் நாளுக்குச் சில தடவை ரீடிங்கை அனுப்பும். மொட்டை மாடியிலோ மேல்நிலைத் தொட்டியின் உச்சியிலோ இருக்கும் கேட்வே அதைக் கேட்டு, 4ஜி வழியாகவோ ஃபைபர் வழியாகவோ சர்வருக்குத் தள்ளும். இந்த அலைவரிசைக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை, ஆனால் அனுப்பும் திறனுக்கு வரம்பு உண்டு. “பவரைக் கூட்டிவிட்டால் போதும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மீட்டரின் பேட்டரிக்கும் அது ஆகாது.

எதையும் கழற்றுவதற்கு முன்

ரீடிங் வரவில்லை என்றதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மீட்டர் குழிக்குப் போவதுதான் பல ஊர்களில் வழக்கம். மீட்டரை மாற்றுவார்கள், புது மீட்டரும் இரண்டு வாரத்தில் மௌனமாகிவிடும். கோளாறு மீட்டரில் இல்லாதபோது வேறென்ன நடக்கும்? முதலில் சர்வரில் உட்கார்ந்து, அந்த மீட்டர் கடைசியாக அனுப்பிய பத்துப் பதினைந்து பாக்கெட்டுகளைப் பாருங்கள் (மீட்டர் ஒரு தடவை அனுப்பும் தகவல்தான் ஒரு பாக்கெட்).

சிக்னல் நன்றாக இருந்து, ஒரே நாளில் அறுந்ததா? அப்படியானால் குழியில் தண்ணீர், புது மூடி, பேட்டரி, திருட்டு என்று யோசியுங்கள். நாளுக்கு நாள் தேய்ந்து தேய்ந்து மறைந்ததா? கேபிள், கனெக்டர், வளரும் மரம், எழும்பும் கட்டடம். விட்டுவிட்டு வருகிறதா? எந்த மணிக்கு வருகிறது, எந்த மணிக்கு வரவில்லை என்று எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டு மீட்டர்களும் அதே போலவா என்று வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு வரிசை எண் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. எண் 340-க்கு அடுத்து 350 வந்தால், நடுவில் ஒன்பது தடவை மீட்டர் பேசியிருக்கிறது, நாம்தான் கேட்கவில்லை. எண் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தால் மீட்டரே பேசாமல் இருந்திருக்கிறது. முன்னது ரேடியோ கோளாறு, பின்னது மீட்டர் கோளாறு. எண் திடீரென்று பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தால் மீட்டர் அணைந்து, மறுபடி முதலிலிருந்து இணைந்திருக்கிறது என்று பொருள், பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

இன்னும் இரண்டு எண்கள். ஆர்.எஸ்.எஸ்.ஐ. என்பது வந்து சேர்ந்த அலையின் பலம். எஸ்.என்.ஆர். என்பது இரைச்சலைவிட அது எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்ற கணக்கு. லோராவின் சிறப்பே இரைச்சலுக்குக் கீழே போனாலும் கேட்கும் என்பதுதான். எஸ்.எஃப். என்பது மீட்டர் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறது என்ற படி, 7 முதல் 12 வரை; எண் ஏற ஏறப் பேச்சு மெதுவாகும், தூரம் கூடும். எஸ்.எஃப். 7-ல் எஸ்.என்.ஆர். மைனஸ் 7.5 டெசிபல் வரை தாங்கும், எஸ்.எஃப். ஒரு படி ஏறும்போதெல்லாம் 2.5 டெசிபல் கூடுதலாகத் தாங்கி, எஸ்.எஃப். 12-ல் மைனஸ் 20 வரை போகும். கோடையில் மைனஸ் 18-ல் வந்துகொண்டிருக்கும் மீட்டர் ‘வேலை செய்கிறது’ என்று பச்சை காட்டும். ஐப்பசி மழை பிறந்ததும் அது போய்விடும். எல்லையிலிருந்து குறைந்தது 10 டெசிபல் மிச்சம் இல்லாத மீட்டரைப் பொருத்திய அன்றே சரிசெய்யச் சொல்வேன்.

வட்டாரமே ஒரே நேரத்தில் மௌனம்

மீட்டர்களைத் தொடவே வேண்டாம். கேட்வேயின் கரண்ட், யு.பி.எஸ்., சிம் ரீசார்ஜ், இடி விழுந்த தடயம், இந்த வரிசையில் பாருங்கள். திரும்பி வந்ததும் வரிசை எண்கள் தாவியிருந்தால் மீட்டர்கள் நலம். ஒரு வட்டாரம் ஒரே கேட்வேயை நம்பி இருப்பதுதான் உண்மையான கோளாறு. ஒவ்வொரு மீட்டரும் இரண்டு கேட்வேக்காவது கேட்கும்படி இருக்க வேண்டும்.

புதிதாகப் பொருத்தியது, ஒரு தடவைகூட வரவில்லை

பெட்டியிலிருந்து எடுத்த மீட்டர் உறக்க நிலையிலேயே இருக்கலாம். பல வகைகளைக் காந்தம் காட்டித்தான் எழுப்ப வேண்டும். அடுத்து சாவி எண்கள், அதாவது சர்வர் மீட்டரை அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்ள உதவும் எண்கள். மீட்டரின் மேல் ஒட்டிய எண்ணும் சர்வரில் ஏற்றிய பட்டியலும் ஒரு வரி தள்ளிப்போயிருந்தால் அந்தப் பெட்டியில் இருந்த எல்லா மீட்டரும் ஊமை.

ஐரோப்பிய அமைப்பிலேயே வந்த மீட்டர்களும் உண்டு. அவை 868.1, 868.3, 868.5 மெகாஹெர்ட்ஸில் கூவிக்கொண்டிருக்கும். நம் கேட்வே காது வைத்திருப்பதோ 865.0625, 865.4025, 865.985-ல். எத்தனை பக்கத்தில் வைத்தாலும் கேட்காது.

கேட்வேக்கு மீட்டரின் ‘சேர்த்துக்கொள்’ என்ற கோரிக்கை வருகிறது, ஆனால் மீட்டர் சேரவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் மேலிருந்து கீழே வரும் பாதையைப் பாருங்கள். சேரும்போது மீட்டர் 5 வினாடி கழித்துக் காதைத் திறக்கும்; அதன்பிறகு சாதாரணப் பேச்சில் 1 வினாடியிலேயே திறக்கும். இரண்டுமே சிறிது நேரம்தான். கேட்வேயின் மொபைல் இணைப்பு மந்தமாக இருந்தால் பதில் போய்ச் சேரும்போது கதவு மூடியிருக்கும். இதில் ஆன்டெனாவை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. வேறு நிறுவனத்தின் சிம் போட்டுப் பாருங்கள்.

மழை பெய்தால் போய்விடுகிறது, காய்ந்தால் வருகிறது

மழைத் துளிகள் காற்றில் இந்த அலையை மறைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 865 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். மழைத்துளி அதற்கு ஒன்றுமே இல்லை. சிக்கல் வானத்தில் இல்லை, தரையில், குழிக்குள் இருக்கிறது.

மீட்டர் குழியில் தண்ணீர் நிறைந்து மீட்டர் மூழ்கிவிட்டால் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, தண்ணீர் அலையைக் குடிக்கும். நல்ல குடிநீரிலேயே ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 40 டெசிபல் இழப்பு வரும், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சாக்கடை கலந்து உப்பேறிய நீர் என்றால் இன்னும் மோசம். இரண்டாவதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. தண்ணீருக்குள்ளிருந்து மேலே வரும் அலை, நீர்ப்பரப்பைக் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாகத் தொட்டால்தான் வெளியே வரும். செங்குத்திலிருந்து 6 பாகைக்குச் சற்று மேல் சாய்ந்தாலே முழுதும் உள்ளேயே திரும்பிவிடும். கேட்வே நம் தலைக்கு மேல் இல்லை, அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வெளியே தப்பிவந்த கொஞ்சமும் பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான் போகிறது.

நீர் புகாத ஐ.பி. 68 மீட்டர்தானே என்று பொருத்துபவர்கள் சொல்வார்கள். மீட்டருக்குள் நீர் போகாது என்பதற்குத்தான் அந்த உறுதி. அலை வெளியே வரும் என்று அது சொல்லவில்லை.

தீர்வு ரேடியோவில் தொடங்கக் கூடாது. குழியின் அடியில் ஜல்லி போட்டு நீர் இறங்க வழி செய்யுங்கள். களிமண் பூமியில் ஜல்லி மட்டும் உதவாது. குழியின் விளிம்பைத் தரையிலிருந்து நான்கு விரல் உயர்த்திக் கட்டி, தெருநீர் உள்ளே வழியாமல் தடுக்க வேண்டும். அதுவும் முடியாத தாழ்வான தெருக்களில், ரேடியோவும் மீட்டரும் தனித்தனியாக, நடுவில் கேபிளோடு வரும் வகையைக் கேளுங்கள். ரேடியோவைச் சுற்றுச்சுவரில் இடுப்பு உயரத்தில் பொருத்திவிட்டால் அந்த வீடு வடகிழக்குப் பருவமழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நகரம் முழுதும் இப்படிச் செய்யச் செலவாகும்தான். வெள்ளம் தேங்கும் தெருக்களில் மட்டும் செய்யுங்கள். எந்தத் தெரு என்று அங்கே குடியிருப்பவர்களே சொல்வார்கள்.

மீட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவிலுள்ள கேபிள் இணைப்பு ஈரம் குடித்தாலும் மழையில்தான் கோளாறு தெரியும், ஆனால் அங்கே சிக்னல் இருக்கும், ரீடிங் எண் மட்டும் நகராது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மழையில்லை, வெள்ளமில்லை, ஒரே ஒரு வீடு மட்டும் நின்றுவிட்டது

வாசலில் போய் நின்று, “அக்கா, போன மாசம் வாசல்ல ஏதாவது வேலை நடந்துச்சா?” என்று கேளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும். பிளாஸ்டிக் மூடி உடைந்து வார்ப்பிரும்பு மூடி போட்டிருப்பார்கள். வண்டி ஏற இரும்புத் தகட்டில் சாய்தளம் வைத்திருப்பார்கள். குழியின் மேலேயே கிரானைட் பதித்து, அதன் கீழே கம்பி வலை போட்ட கான்கிரீட் ஊற்றியிருப்பார்கள்.

சோதிப்பது எளிது. மூடியைத் திறந்து வைத்து மூன்று பாக்கெட், மூடி மூன்று பாக்கெட். ஆர்.எஸ்.எஸ்.ஐ. வித்தியாசம் 10 டெசிபலைத் தாண்டினால் மூடிதான் எதிரி. கண்ணாடியிழை மூடிக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாத இடத்தில் மூடியில் துளையிட்டு, அதன் வழியாக மேலே எட்டிப் பார்க்கும் தட்டை ஆன்டெனா வகை கிடைக்கிறது.

ரேடியோவைக் குழியின் அடியில் படுக்கப் போட்டிருந்தால் நிமிர்த்தி, மூடிக்கு அருகே கொண்டுவாருங்கள். ஜி.ஐ. குழாயோடு ஒட்டியிருந்தால் ஒரு சாண் விலக்குங்கள்; உலோகம் ஒட்டினால் ஆன்டெனாவின் சுருதியே மாறிவிடும். ஒரே குழிக்குள் அரை அடி நகர்த்தினாலே பெரிய மாற்றம் தெரியும். ஆகவே முதல் இடத்தில் கிடைத்ததை இறுதி என்று எடுத்துக்கொள்ளாமல், நாலைந்து இடம் வைத்துப் பார்த்து நல்லதில் கட்டுங்கள்.

பகலில் வருகிறது, ராத்திரியில் வரவில்லை என்றால் குழியின் மேல் கார் நிற்கிறது. இதற்கு வீட்டுக்காரரைக் கோபிக்க முடியாது, அது அவர் வாசல். மீட்டர் அனுப்பும் நேரங்களில் ஒன்றை முற்பகலுக்கு மாற்றிவிடுங்கள். கசிவு கண்டுபிடிக்க ராத்திரி ஓட்டம் வேண்டும்தான். ஆனால் பெரும்பாலான மீட்டர்கள் மணிவாரிக் கணக்கைத் தமக்குள் சேமித்து, பிறகு சேர்த்து அனுப்பவல்லவை.

தூரத்து வீடு கேட்கிறது, கேட்வேயின் அடியில் இருக்கும் வீடு கேட்கவில்லை

பொருத்தியவர் 8 டி.பி.ஐ. குச்சி ஆன்டெனா போட்டிருப்பார் (டி.பி.ஐ. என்பது ஆன்டெனா அலையை ஒரு பக்கம் குவிக்கும் அளவு). அதிக எண் நல்லது என்ற எண்ணம். ஆனால் இந்த ஆன்டெனா புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் போவதைப் பிடுங்கி அடிவானத்தை நோக்கித் தள்ளுகிறது. முப்பது மீட்டர் உயரத் தொட்டியின்மேல் வைத்தால் அடிவாரத்துத் தெருக்களுக்கு மேலாக எல்லாம் பறந்து போய்விடும். நெருக்கமான ஊர்ப்பகுதியில் 3 முதல் 5 டி.பி.ஐ. வரை உள்ள ஆன்டெனாவே போதும். வயல்வெளியும் சிதறிய வீடுகளும் உள்ள விரிவாக்கப் பகுதிக்கு 8 பொருந்தும்.

ஆன்டெனாவைத் தொட்டியின் கைப்பிடிக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தாலும் ஒரு பக்கம் இருண்டுபோகும். குழாய்க்கு மேலே உயர்த்துங்கள், அல்லது ஒரு மீட்டராவது வெளியே நீட்டுங்கள்.

சிக்னல் பலமாகத்தான் இருக்கிறது, பாக்கெட் மட்டும் தொலைகிறது

ஆர்.எஸ்.எஸ்.ஐ. மைனஸ் 95, பார்க்க அழகான எண். எஸ்.என்.ஆர். மட்டும் மைனஸ் 6. எஸ்.எஃப். 7-ல் ஓடும் மீட்டர் என்றால் அது விளிம்பில் நிற்கிறது. கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் காதில் ஏறாதது போன்ற நிலைமை. சுற்றுப்புறம் அமைதியாக இருந்தால் நல்ல கேட்வே ஒன்றின் இரைச்சல் மட்டம் சுமார் மைனஸ் 117 டி.பி.எம். (அலையின் பலத்தை அளக்கும் அலகு) இருக்கும். அது மைனஸ் 105-க்கு ஏறியிருந்தால் நீங்கள் 12 டெசிபலை இழந்துவிட்டீர்கள். கேட்வேயின் எல்லை பாதிக்கும் கீழாகச் சுருங்கியிருக்கும்.

நம் நாட்டில் இதற்கு மூன்று காரணங்களை முதலில் தேடச் சொல்வேன்.

முதலாவது, மொபைல் கோபுரம். நல்ல உயரம், கரண்ட், காவல் எல்லாம் இருக்கிறது என்று கேட்வேயை அங்கேயே மாட்டுகிறோம். 850 மெகாஹெர்ட்ஸ் மொபைல் சேவையில் கோபுரம் பேசும் பகுதி 869-ல் தொடங்கி 894 வரை போகிறது. நம் எல்லை முடிவது 867-ல். இடைவெளி வெறும் 2 மெகாஹெர்ட்ஸ். அங்கிருந்து வரும் பலத்த அலை கேட்வேயின் காதை அடைத்துவிடும். ஆன்டெனாவுக்கும் கேட்வேக்கும் நடுவில் 865–867-ஐ மட்டும் விடும் கேவிட்டி ஃபில்டர் போடுங்கள். சின்ன சில்லு ஃபில்டர் இவ்வளவு குறுகிய இடைவெளியில் போதிய அளவு வெட்டாது. மொபைல் ஆன்டெனாவுக்குப் பக்கவாட்டில் இருப்பதைவிட நேர்மேலோ நேர்கீழோ நகர்த்துவது அதிகம் உதவும். ஃபில்டர் போட்டும் இரைச்சல் இறங்கவில்லை என்றால், கோபுரத்தின் கசிவு நம் அலைவரிசைக்குள்ளேயே விழுகிறது. அதை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. இடத்தை மாற்றுவதுதான் வழி.

இரண்டாவது, ஃபாஸ்டேக். வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய அந்தச் சீட்டைப் படிக்கும் கருவியும் இதே 865–867 மெகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது, அதுவும் நம் மீட்டரைவிடப் பலமடங்கு திறனில். சுங்கச்சாவடி மட்டுமில்லை, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசல் தடுப்பிலும், வணிக வளாக வாகன நிறுத்தத்திலும் இதே வகைக் கருவிகள் வந்துவிட்டன. குடியிருப்பின் பிரதான மீட்டரும் வாசலில்தான் இருக்கும். அலுவலகம் போகும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும் மட்டும் இழப்பு கூடினால் இதைச் சந்தேகியுங்கள். அந்தக் கருவிக்கும் அங்கே பேச உரிமை உண்டு. எனவே குடியிருப்பு நிர்வாகத்திடம் பேசி அதன் முகத்தைச் சற்றுத் திருப்பச் சொல்லலாம், நம் கேட்வேயை மறுபக்கக் கட்டடத்துக்கு மாற்றலாம், சேனல்களை, அதாவது மீட்டர்கள் பேசும் தனித்தனி அலைவரிசைகளை, கூட்டிப் பரப்பலாம்.

மூன்றாவது, நம் பெட்டிக்குள்ளேயே இருக்கும் மலிவான சார்ஜரோ சோலார் கட்டுப்படுத்தியோ. கண்டுபிடிக்க, ஆன்டெனாவைக் கழற்றி அங்கே 50 ஓம் முடிப்பானை (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சின்ன மூடி) திருகுங்கள். இரைச்சல் இறங்கினால் அது வெளியிலிருந்து வருகிறது. இறங்காவிட்டால் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

நள்ளிரவுப் பாக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகின்றன

மீட்டர்கள் எல்லாமே சரியாக 12 மணிக்கு ரீடிங் அனுப்பும்படி யாரோ அமைத்திருக்கிறார்கள். பில் கணக்குக்கு வசதி என்று நினைத்திருப்பார்கள். பன்னிரண்டு பைட் ரீடிங் ஒன்று எஸ்.எஃப். 7-ல் சுமார் 60 மில்லிவினாடியில் போய்விடும், எஸ்.எஃப். 12-ல் அதற்கு ஒன்றரை வினாடி ஆகும். ஒரு நிமிடத்துக்குள் 500 மீட்டர்கள் எஸ்.எஃப். 12-ல் பேசினால் 750 வினாடிப் பேச்சு. மூன்று சேனலிலும் சேர்த்து அந்த நிமிடத்தில் இருப்பது 180 வினாடி. மோதாமல் எப்படி இருக்கும்?

ரீடிங்கை 12 மணிக்கு எடுத்துச் சேமித்து, அடுத்த ஆறு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். இந்திய அமைப்பில் மீட்டருக்குப் பிறவியிலேயே தெரிந்தது மூன்று சேனல் மட்டும்தான். மீதியைச் சர்வர்தான் சொல்லித்தர வேண்டும். எட்டுச் சேனல் கேட்வே வாங்கி மூன்றை மட்டும் ஓட்டும் ஊர்கள் இருக்கக் கூடாது. இதற்குக் களத்தில் யாரும் இறங்கவே வேண்டாம், அமைப்பில் சில வரிகள்தான்.

ஒரு கேட்வேயில் எல்லா மீட்டரும் மெல்ல மெல்லத் தேய்கின்றன

கனெக்டருக்குள் தண்ணீர். கடலோர ஊரில் உப்பு. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, மேலே வெயில் தாங்கும் டேப் போட்டு, கேபிள் உள்ளே நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். நானோவி.என்.ஏ. (ஆன்டெனாவையும் கேபிளையும் சோதிக்கும் கைக்கருவி) ஒன்று கையில் இருந்தால் பொருத்திய அன்று எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். கேபிளையும் பாருங்கள்: மெல்லிய ஆர்.ஜி. 58 பத்து மீட்டரில் 5 டெசிபலுக்கு மேல் தின்னும், தடித்த எல்.எம்.ஆர். 400 அதே தூரத்துக்கு 1.3 டெசிபல்தான். கேட்வேயையே ஆன்டெனாவின் காலடிக்குக் கொண்டுபோய், கீழே இணையக் கேபிளை மட்டும் இறக்குவது இதைவிட நல்லது.

எதிரே கட்டடம் எழும்பியது, மாதக்கணக்கில் மௌனம், பிறகு தானாகவே வந்தது

மர்மம் ஒன்றுமில்லை. நல்ல சிக்னல் இருந்த காலத்தில் சர்வர் அந்த மீட்டரை எஸ்.எஃப். 7-க்கு இறக்கியிருக்கும். பாதை மறைந்ததும் மீட்டருக்கு அது உடனே தெரியாது. பதிலே வராமல் 64 பாக்கெட் போனபிறகுதான் “யாராவது கேட்கிறீர்களா” என்று கேட்கத் தொடங்கும். இன்னும் 32 போனபிறகு ஒரு படி மாற்றும். நாளுக்கு ஒரு ரீடிங் அனுப்பும் மீட்டருக்கு இது மூன்று மாதத்துக்கு மேல். இந்த எண்கள் விரைவாகப் பேசும் கருவிகளை மனதில் வைத்து வந்தவை. மீட்டர் தயாரிப்பாளர் அனுமதித்தால் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குறைந்த எஸ்.எஃப்.-ஐ 9 என்று நிறுத்தி, சர்வரின் பாதுகாப்பு மிச்சத்தைக் கூட்டி வையுங்கள்.

பேட்டரி நாள் பார்க்காமல் தீர்கிறது

பெரும்பாலும் சிக்னல் கோளாறின் பின்விளைவு இது. எஸ்.எஃப். 12-ல் பேசும் மீட்டர் ஒவ்வொரு தடவையும் எஸ்.எஃப். 7-ஐவிட இருபது மடங்குக்கு மேல் நேரம் ஆற்றலைச் செலவழிக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒப்புகை கேட்கும்படி அமைத்திருந்தால், பதில் வராதபோதெல்லாம் மறுபடி மறுபடி அனுப்பும். தினசரி ரீடிங்குக்கு ஒப்புகை வேண்டாம். ஒன்று தவறினால் அடுத்ததில் மொத்த எண் வந்துவிடும். உடைப்பு எச்சரிக்கைக்கு மட்டும் கேளுங்கள்.

பேட்டரி முன்கூட்டியே தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு டொராண்டோவைப் பாருங்கள். அங்கே சுமார் 4,70,000 வீடுகளில் பொருத்திய மீட்டர் டிரான்ஸ்மிட்டர்கள் எதிர்பார்த்த ஆயுளுக்கு வெகுமுன்பே செயலிழக்கத் தொடங்க, நகராட்சி அவற்றை மாற்றும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. அதுவரை மதிப்பீட்டுப் பில்தான். அவர்கள் முறை வேறு. ஆனால் இங்கேயும் வீடு வீடாகப் போகும் நிலை வரலாம். ஆகவே மாதம் ஒருமுறை, எஸ்.எஃப். 11-லும் 12-லும் ஓடும் மீட்டர்களைத் தனிப் பட்டியலாக எடுங்கள். அவை ஒரே தெருவில் குவிந்திருந்தால், மீட்டர்களை மாற்றும் செலவுக்கு முன் அந்தத் தெருமுனைப் பள்ளியின் மாடியிலோ பம்ப் ஹவுஸ் மேலேயோ சின்ன கேட்வே ஒன்றை வையுங்கள்.